அரசாங்கத்தின் மேல் பெற்ற டிக்ரி

ஒருவன் மற்றொருவனிடம் கடன் பட்டான்; திருப்பிக் கொடுக்க மறுத்தான்; வழக்கு நடந்தது; கடன் கொடுத்தவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. இதன்பின் நடப்பது நம்மில் யாவருக்கும் தெரியும். பணம் வராவிடில் டிக்ரி பெற்றவர் நிறைவேற்று மனுப் போடுகிறார். அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வண்டியும் மாடும் பாத்திரமும் பண்டமும் ஜப்தியாகின்றன. நிலம் ஏலத்துக்கு வருகிறது. நீதிபதி எழுதிய தீர்ப்பு வெறும் காகிதமாயினும், அதன் பின்னால் அரசாங்கத்தின் கை இருப்பதால் அக்காகிதத்துக்கு வலிமை உண்டாகிறது.

கடன்பட்டவர் அந்த அரசாங்கமே ஆனால் என் செய்வது? அமீனாவுக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசாங்கம். போலீசை அனுப்புவதும் அரசாங்கம். கஜானாவைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பதும் அரசாங்கம். நீதிமன்றம் ‘கொடு’ என்று சொல்லிவிடலாம். கஜானாவைத் திறக்கும் உரிமை நீதிமன்றத்துக்கு இல்லை. பொதுப்பணத்தைச் செலவிடும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கே உரியது என்பது குடியாட்சியின் உயிர்நிலையான கொள்கை. அக்கொள்கையும், தீர்ப்புக்கு அனைவரும் கட்டுப்பட்டவர் என்னும் கொள்கையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட வரலாறு சுவை மிக்கது. சில தலைமுறைகளைக் காக்கவைத்த வரலாறும் ஆகும்.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன் காலத்தில் இது பெரிய வழக்காக எழுந்தது. லண்டன் நகரத்துப் பொன்வணிகர்கள் அக்காலத்தில் பாங்கிகள் போல இயங்கினர். ஊரார் கொண்டுவந்து வைத்த பணத்தைச் சேர்த்து மன்னனுக்குக் கடன் கொடுத்து வந்தனர். 1672 ஜனவரியில், டச்சுக்காரரோடு போர் நெருங்கிய வேளையில், கஜானாவிலிருந்து அவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதில்லை என்று மன்னன் நிறுத்திவிட்டான். நின்றுபோன தொகை ஏறக்குறைய 13 லட்சம் பவுன். பொன்வணிகர் பலர் நொடித்தனர். அவர்களிடம் பணம் வைத்திருந்த ஊராரும் உடன் நொடித்தனர். 1677இல் மன்னன் சற்றே இரங்கி, அசலுக்கு ஈடாக ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, தன் பரம்பரைக் கலால் வருவாயிலிருந்து, அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் சேரும் என்று சாசனம் எழுதிக் கொடுத்தான். 1683க்குப் பிறகு அதுவும் நின்றது.

மன்னர் மாறினர், ஆட்சி முறையே மாறியது. 1690க்குப் பின் பொன்வணிகர்கள் கஜானா நீதிமன்றத்தில் வழக்கிட்டு வென்றனர். மேல்முறையீட்டில், 1696இல், ஜான் ஸோமர்ஸ் அத்தீர்ப்பை மாற்றினார். அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். கடன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சாசனம் செல்லாது என்றும் சொல்லவில்லை. மன்னனுடைய பணத்தை எடுத்துக்கொடு என்று கஜானா அதிகாரிகளுக்குக் கட்டளையிட நீதிபதிகளுக்கு அதிகாரமில்லை, மன்னனிடமே விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும் என்றார். நியாயம் உன் பக்கம், சாவி என் கையில் இல்லை என்பதே அதன் சாரம். 1700இல் பிரபுக்கள் சபை ஸோமர்ஸின் முடிவைத் தள்ளிப் பொன்வணிகரை மீண்டும் வெற்றி பெறச் செய்தது. ஆயினும் மறு ஆண்டே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: வட்டி 3 சதவீதம்தான், அசலில் பாதியைக் கொடுத்தால் கடன் முழுவதும் தீர்ந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிபீடத்தில் வென்றவர்கள் பாதியோடு வீடு திரும்பினர். கொடுப்பவர் பாராளுமன்றமாயிற்றே, எவ்வளவு கொடுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்தது.

கடல் கடந்து அமெரிக்காவில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. மன்னனை நீக்கிவிட்ட நாட்டில், மன்னன்மேல் வழக்கிட முடியாது என்னும் பழைய விதிக்கு இடமுண்டா? ராபர்ட் ஃபார்க்கர் என்பவர் தென் கரோலினா வணிகர். சுதந்திரப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு கொடுத்தார், விலை வரவில்லை, அவர் இறந்தும் போனார். அவருடைய சொத்தின் நிர்வாகியான அலெக்சாண்டர் சிஷம் உச்ச நீதிமன்றத்தில் ஜார்ஜியாவின்மேல் வழக்குத் தொடுத்தார். ஜார்ஜியா வழக்காடவே வரவில்லை. 1793இல் நீதிபதிகளில் நால்வர் சிஷம் பக்கமும் ஒருவர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். ஜார்ஜியாவின் கீழ்ச்சபை அதற்குச் சொன்ன விடையோ கொடியது. இத்தீர்ப்பை நிறைவேற்ற வருகிறவன் எவனாயினும் அவனைத் தூக்கிலிட வேண்டும் என்று ஒரு மசோதாவை அது நிறைவேற்றியது. மேல்சபை அதற்கு இணங்காததால் அது சட்டமாகவில்லை. அமீனாவைத் தூக்கில் போடத் துணிந்த சட்டமன்றத்தை வேறெங்கே காண்போம்! போரில் கடன்பட்டிருந்த மற்ற மாநிலங்களும் அஞ்சின. 1795இல் அரசியல் சட்டத்துக்குப் பதினோராவது திருத்தம் வந்தது. பிற மாநிலத்தாரோ அயல்நாட்டாரோ ஒரு மாநிலத்தின்மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்கிட வழியில்லாமற் போயிற்று.

தனி மனிதருக்குக் கதவு அடைபட்டது. ஆனால் ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின்மேல் வழக்கிடும் கதவு திறந்தே இருந்தது. பின்னால் வந்த பெருவழக்கு அக்கதவின் வழியாக நுழைந்தது.

அதற்கு முன், நகரங்களும் ஊராட்சிகளும் பட்ட பாட்டைச் சிறிது சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முன்னும் பின்னும் அமெரிக்கச் சிற்றூர்கள் எல்லாம் ரயில் பைத்தியம் பிடித்துக் கடன் பத்திரம் வெளியிட்டன. பல இடங்களில் பணம் போயிற்று, ரயில் வரவில்லை. பத்திரம் வாங்கியவர்கள் நீதிமன்றம் சென்றனர். நகரமோ கவுண்டியோ மாநிலத்தைப் போல இறைமை உடையதன்று என்பதால், ‘வரி விதித்துக் கடனைக் கட்டு’ என்று அதன் அதிகாரிகளுக்கே நீதிமன்றம் கட்டளையிட்டது. மிசௌரியில் செயின்ட் கிளேர் என்னும் கவுண்டியின் நிர்வாகிகள் வரி விதிக்க மறுத்துச் சிறை சென்றனர். சிலர் மத்திய அரசின் சேவகர்களுக்குத் தப்பி மறைந்து வாழ்ந்தனர். சிறை செல்லச் சம்மதிப்பவரையே ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர் என்றால், வராத ரயிலின்மேல் அவர்களுக்கு இருந்த கோபம் விளங்கும். டென்னஸியில் மெம்ஃபிஸ் நகரம் கடனிலும் மஞ்சள் காய்ச்சலிலும் மூழ்கியபோது, 1879இல் மாநிலச் சட்டமன்றம் அந்நகராட்சியையே கலைத்துவிட்டது. கடன்பட்டவனே இல்லையென்று ஆகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

ஊராட்சியைக் கலைக்கலாம், அதன் நிர்வாகிகளைச் சிறையிலிடலாம். ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தை என்ன செய்வது? வர்ஜீனியாவும் மேற்கு வர்ஜீனியாவும் நடத்திய வழக்கில் இக்கேள்வி தப்பிக்க இடமில்லாமல் முன்வந்து நின்றது.

தாய் மாநிலத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு மாநிலங்கள் பிரிவது புதிதன்று. 1953இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரம் பிரிந்ததும், 1956இல் எல்லைகள் மறுபடி வகுக்கப்பட்டதும் நம் வீட்டுக் கதைகள். பாகப்பிரிவினையில் சொத்தைப் பிரிப்பதைவிடக் கடனைப் பிரிப்பதே கடினம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர் எவரும் அறிவர்.

வர்ஜீனியா 1861க்கு முன் சாலை, கால்வாய், ரயில் பாதை, பாங்கிப் பங்கு இவற்றுக்காகப் பெருங்கடன் வாங்கியிருந்தது. 1861 ஜனவரி முதல் தேதியன்று அக்கடன் ஏறக்குறைய 3 கோடியே 39 லட்சம் டாலர். அந்த ஏப்ரலில் வர்ஜீனியா ஐக்கியத்தை விட்டு விலகித் தென்மாநிலங்களோடு சேர முடிவு செய்தது. மலைநாடான மேற்குப் பகுதி மக்கள் அதற்கு இணங்கவில்லை. வீலிங் நகரில் கூடித் தனி மாநிலம் அமைக்கத் துணிந்தனர். ஆகஸ்டில் அவர்கள் இயற்றிய ஆணையில், பழைய கடனில் நியாயமான ஒரு பங்கைப் புதிய மாநிலம் ஏற்கும் என்று எழுதினர். 1863 ஜூன் 20ஆம் நாள் மேற்கு வர்ஜீனியா பிறந்தது. அதன் முதல் அரசியல் சட்டத்திலும் அவ்வுறுதி இடம்பெற்றது. பங்கு இவ்வளவு என்று சட்டமன்றம் விரைவில் கணக்கிட்டு 34 ஆண்டுகளுக்குள் அசலைத் தீர்க்கும் என்றும் அதில் கண்டது.

‘நியாயமான பங்கு’ என்றால் எவ்வளவு? எண் ஒன்றை அன்றே எழுதியிருந்தால் இக்கதை இல்லை. போர்க்களத்தின் நடுவே எழுதியவர்களைக் குறை சொல்வதும் எளிதன்று.

போர் முடிந்தது. வட்டி ஏறி ஏறி 1871இல் மொத்தக் கடன் நாலரைக் கோடி டாலருக்கு வந்துவிட்டது. வர்ஜீனியா அவ்வாண்டில் ஒரு சட்டம் இயற்றிப் பழைய பத்திரங்களை வாங்கிக்கொண்டு மூன்றில் இரண்டு பங்குக்குப் புதிய பத்திரம் கொடுத்தது. எஞ்சிய மூன்றில் ஒரு பங்குக்குச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து, ‘மேற்கு வர்ஜீனியாவோடு கணக்குத் தீரும்போது இது தீரும்’ என்றது. அந்தச் சான்றிதழ் வைத்திருந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தது ஒரு மாநிலத்துக்கு. கேட்கச் சொல்வது இன்னொரு மாநிலத்தை. அம்மாநிலத்தின்மேல் வழக்கிடப் பதினோராவது திருத்தம் வழிவிடாது. தந்தை வாங்கிய பத்திரத்தின் சான்றிதழை மகன் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பேரன் அதை எடுத்துப் பார்த்தான்.

மேற்கு வர்ஜீனியாவுக்கும் ஒரு கட்சி இருந்தது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கிழக்கே ரயிலாகவும் கால்வாயாகவும் போயிற்று. மலைநாட்டுக்கு வந்தது சொற்பம். செலவு செய்த இடத்தில் கடனை வசூல் செய்யட்டும் என்றனர். வர்ஜீனியா 1894இல் பேச்சு நடத்த ஆணையம் அமைத்தது, பேச்சு நடக்கவில்லை. கடைசியில் 1906இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றத்தின் படியேறியது.

முதல் நாளே மேற்கு வர்ஜீனியா எழுப்பிய வாதம் வேடிக்கையானது, ஆழமானதுங்கூட. தீர்ப்புச் சொன்னால் அதை நிறைவேற்ற இந்நீதிமன்றத்தால் முடியாது. நிறைவேற்ற முடியாத வழக்கை விசாரிக்கவும் அதற்கு அதிகாரமில்லை என்றது. தலைமை நீதிபதி ஃபுல்லர் 1907இல் இதை ஏற்க மறுத்தார். ஒரு மாநிலம் தீர்ப்புக்குக் கீழ்ப்படியாது என்று முன்கூட்டியே எண்ணுவதற்கில்லை. அந்நிலை வந்தால் அப்போது பார்ப்போம் என்பது அவர் விடை. பதினோராண்டு கழித்து அந்நிலை வந்தது.

கணக்குப் பார்க்க, மெய்ன் மாநிலத்தவரான சார்லஸ் லிட்டில்ஃபீல்ட் நியமிக்கப்பட்டார். அரை நூற்றாண்டுக் கணக்கேடுகளைப் புரட்டி 1910இல் அவர் அறிக்கை கொடுத்தார். 1911 மார்ச்சில் நீதிபதி ஹோம்ஸ் பங்கை வகுத்தார். செலவான இடத்தைப் பார்ப்பது பயனில்லை. கடன் முழு மாநிலத்தின் நன்மைக்காக வாங்கியது. ஆகவே பிரிவு நாளில் இரு பகுதிகளின் சொத்து மதிப்பு எந்த விகிதமோ அந்த விகிதமே கடனுக்கும் என்றார். விகிதம் நூற்றுக்கு 23½. தொகை 71 லட்சத்து 82 ஆயிரத்து 507 டாலர் சொச்சம். அச்சொத்துக் கணக்கில் அடிமைகளைச் சேர்க்கவில்லை. கடன் வாங்கிய காலத்தில் கிழக்கு வர்ஜீனியாவின் செல்வத்தில் பெரும்பகுதியாக எண்ணப்பட்டவர்கள் அந்த மனிதர்களே. அவர்களை விலையிட்டுச் சேர்த்திருந்தால் கிழக்கின் மதிப்பு உயர்ந்து மேற்கின் பங்கு குறைந்திருக்கும். மனிதரை மனிதர் விலைப்பொருளாக எழுதிய ஏட்டின் நிழல் 1911ஆம் ஆண்டுக் கணக்கிலும் விழுந்தது.

வட்டியைப் பற்றி ஹோம்ஸ் அன்று முடிவு சொல்லவில்லை. பெரிய மாநிலங்களுக்கு உரிய மனப்பான்மை தனி வழக்காடிகளுடையதைவிட உயர்ந்தது. நாட்டுப்பற்றாலும் சகோதர உணர்வாலும் மீதியைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று நம்புவதாகக் கூறி நிறுத்திவிட்டார். நல்ல நம்பிக்கைதான். உள்நாட்டுப் போரில் வடவர் படையின் அதிகாரியாக இருந்து மும்முறை காயம் பட்டவர் ஹோம்ஸ். முதல் காயம் பட்டது வர்ஜீனியா மண்ணிலேயே. சகோதரர் பிணக்கு எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சு நடக்கவில்லை. வர்ஜீனியா மீண்டும் மன்றம் வந்தது, வாய்தா. மேற்கு வர்ஜீனியா ஆணையம் அமைத்திருக்கிறோம் என்றது, வாய்தா. பிறகு, பழைய மாநிலத்தின் பாங்கிப் பங்குகளும் பிற சொத்துக்களும் வர்ஜீனியாவிடமே தங்கிவிட்டன, அவற்றில் எங்கள் பாகத்தைக் கழியுங்கள் என்று கேட்டது. அது நியாயமான கேள்வி. 29 லட்சத்து 66 ஆயிரத்து 885 டாலர் கழிக்கப்பட்டது. 1915 ஜூன் 14ஆம் நாள் நீதிபதி ஹ்யூஸ் முடிவான தீர்ப்பை வாசித்தார். அசல் 42 லட்சத்து 15 ஆயிரத்து 622 டாலர் சொச்சம். வட்டி, 1861 முதல் 1891 ஜூலை வரை 4 சதவீதம், அதன்பின் 3 சதவீதம். ஆக 81 லட்சத்து 78 ஆயிரத்து 307 டாலர் சொச்சம். மொத்தம் 1 கோடியே 23 லட்சத்து 93 ஆயிரத்து 929 டாலர் 50 சென்ட். வட்டி அசலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. 1915 ஜூலை முதல் இத்தொகைக்கு 5 சதவீத வட்டியும் ஓடும். தாமதம் எத்துணை விலையுள்ளது என்பதற்கு வேறு பாடம் வேண்டா.

இனிக் கணக்கில் ஐயமில்லை, டிக்ரி இருக்கிறது. பணம் மட்டும் வரவில்லை.

1916இல் வர்ஜீனியா நிறைவேற்று மனுவோடு வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் சட்டமன்றம் தீர்ப்புக்குப் பிறகு இன்னும் முறைப்படி கூடவில்லை, கூடட்டும் என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 1917இல் சட்டமன்றம் கூடியது. பணம் ஒதுக்காமலே கலைந்தது. அப்போது வர்ஜீனியா கேட்டது இதுவரை யாரும் கேளாதது: வரி விதித்துக் கடனைக் கட்டும்படி மேற்கு வர்ஜீனியாச் சட்டமன்றத்துக்கே கட்டளையிட வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். மக்கள் பிரதிநிதிகள் கையை உயர்த்தி வாக்களிக்கிறார்கள். அந்தக் கையைப் பிடித்து நீதிமன்றம் உயர்த்த முடியுமா? உயர்த்தாவிடில் அவர்களை எல்லாம் சிறைக்கு அனுப்புவதா? மாநிலத் தலைமைச் செயலகத்தை ஜப்தி செய்து ஏலம் விடுவதா? வாங்குவார் யார்? மறுபுறம், ஒன்றும் செய்வதற்கில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் அதன்பின் எந்த மாநிலம் எந்தத் தீர்ப்பை மதிக்கும்?

1918 ஏப்ரல் 22ஆம் நாள் தலைமை நீதிபதி ஒயிட் அளித்த தீர்ப்பு இவ்வழக்கின் சிகரம். இளமையில் தென்மாநிலப் படையில் சேர்ந்தவர் அவர். மாநில உரிமை என்னும் சொல்லுக்காக ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்தியவர். அவரே நீதிபதிகள் அனைவரின் ஒருமித்த முடிவாக அறிவித்தார்: தீர்ப்பளிக்கும் அதிகாரத்திலேயே அதை நிறைவேற்றும் அதிகாரமும் அடங்கியுள்ளது, மாநிலத்தின் ஆட்சி அதிகாரங்கள் அதற்கு மதிலாக நிற்க முடியா, தேவையான சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றலாம், நீதிமன்றத்துக்கும் உரிய வழிகள் உண்டு. எந்த வழி, சட்டமன்றத்துக்குக் கட்டளையா, வேறு பரிகாரமா என்பதை மட்டும் அடுத்த தவணையில் வாதம் கேட்டு முடிவு செய்வோம் என்று ஒத்திவைத்தார்.

வாளை உறையிலிருந்து பாதி உருவிக் காட்டி நிறுத்திய சாமர்த்தியம் இது. முழுவதும் உருவியிருந்தால் அது வெட்டுமா, அட்டைக் கத்தியா என்பது தெரிந்துபோயிருக்கும். அதைச் சோதிக்க மேற்கு வர்ஜீனியாவும் துணியவில்லை. ஆளுநர் கார்ன்வெல் காலத்தில், 1919இல், சட்டமன்றம் சிறப்பாகக் கூடியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட டாலரை ரொக்கமாகவும், 1 கோடியே 35 லட்சம் டாலருக்கு மூன்றரை சதவீத வட்டியில் இருபதாண்டுக் கடன் பத்திரமாகவும் கொடுக்கச் சட்டம் செய்தது. கடைசிப் பத்திரம் 1939இல் தீர்ந்தது. வீலிங் நகரில் உறுதி எழுதி 78 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டமன்றத்தின் கையைப் பிடித்து உயர்த்த முடியுமா என்னும் கேள்விக்கு இந்த வழக்கில் விடை வராமலே போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் அரசாங்கத்தின்மேல் வழக்கிடும் உரிமை ஒரு வகையில் கம்பெனிக்காரர் விட்டுச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியாளனாகவும் வணிகனாகவும் இருந்தது, வணிகன்மேல் வழக்கிடலாமன்றோ? 1858இல் ஆட்சி மகாராணியிடம் போனபோது, கம்பெனியின்மேல் எவ்வாறு வழக்கிடலாமோ அவ்வாறே இந்தியா மந்திரியின்மேலும் வழக்கிடலாம் என்று சட்டத்தில் எழுதினர். 1861இல் கல்கத்தாவில் தீர்ந்த வழக்கு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கித்தர்பூர் கப்பல் பட்டறையின் அரசாங்கக் கூலியாட்கள் இரும்புத் துண்டு ஒன்றை அஜாக்கிரதையாகச் சுமந்து சென்றதால் ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை காயம்பட்டது. நஷ்டஈடு 350 ரூபாய். அந்தக் குதிரையின் காயத்திலிருந்து கிளைத்த சட்டம் நம் அரசியல் சட்டத்தின் 300ஆம் பிரிவு வரை வந்திருக்கிறது.

வழக்கிடுவது ஒன்று, பணம் பெறுவது வேறு. இங்கே நம் முன்னோர் ஒரு நல்ல காரியம் செய்தனர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தில் இருந்த ஓர் ஏற்பாட்டை 1950இன் அரசியல் சட்டத்திலும் வைத்தனர். 112ஆம் பிரிவு மத்திய அரசுக்கும் 202ஆம் பிரிவு மாநிலங்களுக்கும் சில செலவுகளைத் தனியே பிரித்து வைக்கின்றன. நீதிபதிகளின் சம்பளம், அரசாங்கக் கடனின் வட்டி இவற்றோடு, நீதிமன்றத்தின் தீர்ப்பு, டிக்ரி, நடுவர் மன்ற முடிவு இவற்றைத் தீர்ப்பதற்கு வேண்டிய தொகையும் அப்பட்டியலில் இருக்கிறது. இச்செலவுகளைச் சட்டமன்றம் விவாதிக்கலாம். வாக்கெடுத்து மறுக்க இயலாது. தொகுப்பு நிதியின்மேல் இவை நேராகச் சுமத்தப்பட்டவை. ஆங்கிலத்தில் ‘சார்ஜ்டு’ என்னும் ஒரே சொல். பீரங்கிக்கு மருந்து இடுவது முதல் ஒருவன்மேல் குற்றம் சாட்டுவது வரை எத்தனையோ பொருள் உடைய அச்சொல்லை வரவு செலவுத் திட்ட அறிக்கையில் சந்திக்கும்போதெல்லாம் என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பேனா சற்றுத் தயங்கும். ஆனால் ஸோமர்ஸ் முதல் ஒயிட் வரை விழித்து நின்ற முடிச்சை அவிழ்ப்பது அந்த ஒரு சொல்தான். கையை உயர்த்து என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டா. உயர்த்தத் தேவையே இல்லை.

மாநிலங்கள் பிரியும்போதும் அவ்வாறே முன்யோசனை செய்தனர். 1953, 1956ஆம் ஆண்டுச் சட்டங்களில் சொத்தும் கடனும் எப்படிப் பிரியும் என்று விரிவாக எழுதி வைத்தனர். பூசல் வந்தால் மாநிலம் மாநிலத்தின்மேல் நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்கிட 131ஆம் பிரிவு உண்டு.

இங்கிலாந்திலோ 1947இல் வந்த அரசு வழக்குச் சட்டமும் மன்னரின் சொத்தை ஜப்தி செய்ய இடம் தரவில்லை. நீதிமன்றம் தொகையைக் குறித்துச் சான்றிதழ் கொடுக்கும். இலாகா அதைப் பார்த்துக் கொடுக்கும். நம் நாட்டில் ஜப்திக்கும் வழி உண்டு. அரசாங்கத்தின்மேல் வழக்கிட இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு. டிக்ரி ஆனபின் மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்பது 82ஆம் பிரிவு. 1908இல் எழுதியபடி, பணம் வராததை முதலில் நீதிமன்றமே அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுத வேண்டும். அவ்வறிக்கை நாளிலிருந்தே மூன்று மாதம் எண்ணப்பட்டது. 1976இன் திருத்தம் அந்த நடையைக் குறைத்து, டிக்ரி நாளிலிருந்தே எண்ணச் செய்தது.

சட்டமன்றம் மறுக்க முடியாது என்றாயிற்று. ஆயினும் டிக்ரி பெற்றவருக்கு மூன்று மாதத்தில் பணம் கிடைக்கிறதா? மேற்கு வர்ஜீனியாவில் தடை சட்டமன்றத்தில் இருந்தது. நம்மிடம் அது கோப்பில் இருக்கிறது. தீர்ப்பின் நகல் இலாகாவுக்குப் போக வேண்டும். மேல்முறையீடு செய்யலாமா என்று சட்ட இலாகா கருத்துச் சொல்ல வேண்டும். நிதி இலாகா இணங்க வேண்டும். தொகை மதிப்பீட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு சில நாள் இளைப்பாறுகிறது. வட்டியோ இளைப்பாறுவதில்லை, அது பொதுப்பணத்திலிருந்தே ஏறுகிறது. பாதைக்கோ அணைக்கோ நிலம் கொடுத்துவிட்டு, கூடுதல் இழப்பீட்டுக்கு டிக்ரி பெற்று, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் உழவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

இறுதியில் அவர்கள் நிறைவேற்று மனுப் போடுகிறார்கள். அமீனா கலெக்டர் அலுவலகத்துக்கே வருகிறார். நாற்காலி, மேசை, அலமாரி, கம்ப்யூட்டர், வாசலில் நிற்கும் ஜீப் எனப் பட்டியல் எழுதப்படுகிறது. ஊழியர்கள் எழுந்து நிற்கிறார்கள். யாரோ தொலைபேசியை எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஜீப் நகர்வதற்கு முன்னரே, இத்தனை நாளில் பணம் கட்டுகிறோம் என்று அவகாசம் கேட்டு ஓர் அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார்.